இரண்டாவது பெயருக்கு இடமில்லையா?

சென்ற ஆண்டு விழாவின் நிகழ்ச்சி நிரலில் "புல்லாங்குழல், பியானோ: ஸெரனேட் (பீத்தோவன்)" என்று ஒரு வரி இருந்தது. வாசகர்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். பரதநாட்டியத்துக்கும் நகைச்சுவை நாடகத்துக்கும் நடுவே வந்ததால் சிலர் அந்த நேரத்தில் காபி சாப்பிடப் போயும் இருப்பீர்கள். அதில் தவறில்லை. அந்த வரி அச்சுக்குப் போகுமுன் விழாக் குழுவில் இருந்த நண்பரிடம், பீத்தோவன் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரையும் சேர்க்க முடியுமா என்று கேட்டேன்.

"ஸார், டான்ஸ் ஆடுகிற குழந்தைகளே பதினாறு பேர். ஒரு பெயர் விட்டுப் போனாலும் அம்மாக்கள் என்னை உயிரோடு விடமாட்டார்கள். பீத்தோவன் ஒருத்தர் போதாதா? அவருக்குத் துணைக்கு வேறு ஆள் வேணுமா?" என்றார்.

நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது என்று இந்த ஒரு வருஷமாக உறுத்திக்கொண்டே இருப்பதால் இந்தக் கட்டுரை.

விஷயம் இதுதான். பீத்தோவன் அந்த ஸெரனேடைப் புல்லாங்குழலுக்கும் பியானோவுக்கும் எழுதவில்லை. புல்லாங்குழல், வயலின், வியோலா என்று மூன்று வாத்தியங்களுக்கு எழுதினார். 1802-இல் வியன்னாவில் அச்சாகி, ஓபஸ் 25 என்று எண் பெற்றது. அடுத்த ஆண்டு, 1803-இல், அதே ஸெரனேட் புல்லாங்குழலுக்கும் பியானோவுக்குமாக மாற்றப்பட்டு, லைப்சிக் நகரத்துப் பதிப்பாளரிடமிருந்து ஓபஸ் 41 என்ற எண்ணோடு வெளிவந்தது. மாற்றியவர் பீத்தோவன் அல்ல. ஃப்ரான்ஸ் க்ஸாவர் க்ளைன்ஹைன்ஸ் என்பவர்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் பொதுவாகக் கருதுகிறார்கள். பீத்தோவனைவிட ஐந்து வயது மூத்தவர். அவரும் இசையமைப்பாளர், பியானோ வாசிப்பவர். இன்று அவர் பெயரைக் கேட்டால் மேனாட்டு சங்கீதம் தெரிந்தவர்களே புருவத்தை உயர்த்துவார்கள். நான் சேர்க்கச் சொன்னது அந்தப் பெயரைத்தான்.

அந்த மாற்றுருவம் எங்கள் வீட்டுக்கு வந்த காரணம் மிகச் சாதாரணமானது. என் மகள் மேனாட்டுப் புல்லாங்குழல் கற்கிறாள். மேல் மாடியில் இருக்கும் பார்ஸி மூதாட்டி வீட்டில் பியானோ இருக்கிறது. மும்பை மழைக்காலத்தில் அதன் கட்டைகள் உப்பி இரண்டு மூன்று ஸ்வரங்கள் அழுத்தினால் எழுந்திருக்காது என்றாலும், பியானோ பியானோதான். அசலை வாசிக்க வேண்டுமானால் வயலினும் வியோலாவும் வேண்டும். வயலின் நம்மவர் வீடுகளில் பாதிக்குப் பாதி இருக்கிறது. ஆனால் அது சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஸ்ருதி வேறாகச் சேர்த்து வாசிக்கிற நம் வயலின். வியோலாவை எங்கள் பேட்டையில் நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆகவே குழந்தையின் வாத்தியார் ஓபஸ் 41-ஐக் கொடுத்தார். வியன்னாவில் 1803-இல் ஒரு குடும்பம் அதை ஏன் வாங்கியதோ அதே காரணம்தான் எங்களுக்கும். வீட்டில் ஒரு பியானோ, ஊதத் தெரிந்த ஒருவர், மூன்றாவது ஆள் கிடையாது.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒத்திகை நடந்துகொண்டிருந்த நாட்களில் அசல் ஓபஸ் 25-இன் ஒலிப்பதிவு ஒன்றைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். கேட்டதும் எனக்கு வந்தது பாருங்கள் ஒரு ஞானம்! அசலில் கீழ்ஸ்தாயிக்கென்று செல்லோ கிடையாது. மூன்று வாத்தியங்களும் தரையில் கால் பாவாமல், மேலேயே நின்று பேசிக்கொள்கின்றன. தொடக்கத்தில் குழல் ஒரு கூப்பிடு கொடுக்கிறது, வயலின் பதில் சொல்கிறது. மாலை நேரத்தில் ஒரு தோட்டத்தில் யாரோ வாசிக்க, நாம் சாலையில் நின்று கேட்பது போன்ற இலேசு. அதைக் கேட்ட கையோடு மாடிக்குப் போனால், பியானோவின் இடது கை கனமாக இறங்கியது. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மகளிடம், "நீ வாசிப்பது காப்பிதானே, அசல் வேறு மாதிரி இருக்கிறது" என்றேன். அவள் குழலை மூன்று துண்டாகக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடினாள். "அப்பா, அப்ப நீங்க வியோலா கத்துக்கோங்க" என்றாள். அன்று இரவு அவள் சாப்பிட வரவில்லை.

அதற்குப் பிறகுதான் நூலகத்தில் பீத்தோவன் கடிதங்களின் ஆங்கிலத் தொகுதியை எடுத்துப் புரட்டினேன். என் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் எடுத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முதலில் கிடைத்ததும் எனக்குச் சாதகமாகவே இருந்தது. 1802 ஜூலையில் ஒரு பதிப்பாளருக்கு எழுதும்போது, பியானோவுக்கு எழுதியதையெல்லாம் தந்தி வாத்தியங்களுக்கு மாற்றும் பைத்தியம் இப்போது பரவியிருக்கிறது, இதை நிறுத்தினால் நல்லது என்று எரிந்து விழுகிறார். மொஸார்ட் பியானோவுக்கு எழுதியதை மொஸார்ட்தான் மாற்ற முடியும், ஹைடனுடையதும் அப்படியே என்கிறார். ஆனால் அதே கடிதத்தில், தன் பியானோ சொனாட்டா ஒன்றைத் தானே நான்கு தந்தி வாத்தியங்களுக்கு மாற்றியிருப்பதாகவும் சொல்கிறார். அது ஓபஸ் 14-இன் முதல் சொனாட்டா. மாற்றும்போது ஸ்ருதியையே ஈ மேஜரிலிருந்து எஃப் மேஜருக்கு நகர்த்திவிட்டார். சில இடங்களை அப்படியே விடலாகாது, புதிதாகச் சேர்க்கவும் வேண்டும் என்பது அவர் அனுபவம். பிற்பாடு 1807-இல் தன் வயலின் கான்செர்ட்டோவையே பியானோ கான்செர்ட்டோவாக மாற்றிக் கொடுத்தார். கேட்டவர் லண்டனில் பதிப்பகம் நடத்திய க்ளெமென்டி. ஆக மாற்றுவதே பாவம் என்று அவர் நினைக்கவில்லை. தெரியாதவர் கை வைப்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

எனக்குக் கண் திறந்தது அதற்கு அடுத்த செய்தியில். 1802 அக்டோபரில் வியன்னாப் பத்திரிகையில் பீத்தோவன் ஓர் அறிவிப்புக் கொடுக்கிறார். தன் சிம்ஃபொனி ஒன்றையும், ஏழு வாத்தியங்களுக்கான ஸெப்டெட்டையும் இரண்டு பதிப்பாளர்கள் ஐந்து வாத்திய உருப்படிகளாக மாற்றி வெளியிட்டிருந்தார்கள். அவை தன் அசல் க்விண்டெட்டுகள் அல்ல, பதிப்பாளர் ஏற்பாட்டில் செய்யப்பட்ட மாற்றங்கள் என்று பொதுமக்களுக்குத் தெரிவிக்கிறார். இந்தக் காலத்தில் மாற்றங்களைத் தடுப்பது வீண் வேலை. ஆனால் அது மாற்றம் என்பதை முகப்புப் பக்கத்தில் போடும்படி கேட்க இசையமைப்பாளருக்கு உரிமை உண்டு, இல்லாவிட்டால் அவர் மதிப்பும் குறையும், வாங்குகிறவரும் ஏமாறுவார் என்பது அவர் வாதம். அதே அக்டோபர் மாதத்தில்தான், காது கேளாமல் போகிறது என்ற துயரத்தைத் தம்பிமாருக்கு எழுதி, அனுப்பாமலே வைத்துக்கொண்டார். உயிரை விட்டுவிடலாமா என்றுகூட எண்ணியதாக அதில் எழுதிய மனிதர், ஒரு முகப்புப் பக்கத்தில் என்ன அச்சாக வேண்டும் என்று பத்திரிகை வரை போயிருக்கிறார்.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் நம் ஸெரனேட் விஷயம் வருகிறது. பதிப்பாளருக்கு எழுதுகிறார். இந்த மாற்றங்கள் என்னுடையவை அல்ல. ஆனால் நான் பார்வையிட்டுச் சில இடங்களைத் திருத்தியிருக்கிறேன். ஆகவே நான் மாற்றினேன் என்று போட்டுவிடாதீர்கள், அது பொய்யாகிவிடும். அதற்கான நேரமும் பொறுமையும் எனக்கு இல்லை. இதுதான் கருத்து. யோசித்துப் பாருங்கள். தன் பெயர் போட்டால் விற்கும் என்பது அவருக்குத் தெரியாதா? தான் செய்யாத வேலைக்குத் தன் பெயர் வேண்டாம் என்கிறார்.

அவர் வேண்டாம் என்ற அந்தக் காரியத்தைத்தான் நம் நிகழ்ச்சி நிரல் செய்தது. என் மகளிடம் இருந்த இசைப் புத்தகத்தின் அட்டையும் அதைத்தான் செய்தது.

விழா முடிந்து படியிறங்கும்போது, இசைத்தட்டுகள் நிறைய வைத்திருக்கும் அன்பர் ஒருவர் என்னிடம், "இது ஒரிஜினல் இல்லையே, டூப்ளிகேட்டை வாசிக்க வைத்துவிட்டீர்களே" என்றார். இரண்டு நாள் முன்பு நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொன்னார். அவருக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்.

கர்நாடக சங்கீதத்தில் குழல் வாசிப்பவர் என்ன வாசிக்கிறார்? பாடுவதற்காகச் செய்த கீர்த்தனையை. வயலினும் வீணையும் நாகஸ்வரமும் அதைத்தான் வாசிக்கின்றன. வாத்தியத்துக்கென்றே தனியாகச் செய்த உருப்படிகள் நம்மிடம் மிகக் குறைவு. மாலி குழலில் தியாகராஜ கீர்த்தனை வாசித்தபோது, சாகித்தியம் காதில் விழவில்லையே, இது டூப்ளிகேட் என்று யாரும் எழுந்து போகவில்லை. நமக்குப் பழக்கமானதில் இயல்பாக ஏற்றுக்கொள்வதை, பழக்கமில்லாததில் குறையாகச் சொல்கிறோம். பீத்தோவன் ஸெரனேட் எழுதிய காலத்தை ஒட்டியே நம் பக்கத்தில் முத்துஸ்வாமி தீக்ஷிதர், ஆங்கிலேயர் பாண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு ஸமஸ்கிருத சாகித்தியம் செய்துகொண்டிருந்தார். நோட்டுஸ்வரம் என்று நம் வீட்டுக் குழந்தைகள் பாடுகிறார்களே, அவைதான். 'சந்ததம் பாஹிமாம்' பாடும் குழந்தை இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டைப் பாடுகிறது. யாரும் முகம் சுளிப்பதில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. ஓரிடத்து இசையை இன்னோரிடத்தில் வாழவைப்பது எப்படி என்ற வேலையை மட்டும் இரண்டு ஊர்களிலும் ஒரே காலத்தில் செய்துகொண்டிருந்தார்கள்.

அதற்காக மாற்றத்தில் ஒன்றும் இழப்பில்லை என்று நான் சாதிக்கவில்லை. இழப்பு உண்டு. பியானோவில் தந்தியைச் சுத்தியல் தட்டுகிறது. தட்டிய கணத்திலிருந்து ஒலி தேய ஆரம்பிக்கிறது. வில் போட்டு வியோலா இழுத்து நிறுத்துகிற ஒரு ஸ்வரத்தை பியானோ நிறுத்த முடியாது. நடுவில் ஆண்டாந்தே என்ற நிதானமான பகுதி வருகிறது. ஒரு மெட்டு, அதன் மேல் மூன்று விதமான விரிவுகள். ஒவ்வொரு விரிவிலும் ஒரு வாத்தியத்துக்கு முன்வரிசை. வியோலாவின் முறை வரும்போது, கூட்டத்தில் எப்போதும் பின்னால் நிற்கும் ஒருவர் வாய் திறந்து பேசுவது போலிருக்கும். பியானோவில் அந்த ஸ்வரங்கள் எல்லாம் வருகின்றன; அந்தக் குரல் வருவதில்லை. மாடி வீட்டு அம்மையார் அந்த இடத்தை வாசிக்கும்போது, இடது காலை எடுத்துவிட்டு வலது பெடலைத் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு, எவ்வளவோ முயல்கிறார். எண்பது வயதை நெருங்கும் கைகள். ஒருநாள் அவரே, "இது என்னுடையது இல்லை, வேறு யாருடையதோ, நான் சொல்லி மட்டும் அனுப்புகிறேன்" என்று ஹிந்தியில் சொன்னார். க்ளைன்ஹைன்ஸ் வேலையை அதைவிடச் சரியாக நான் விளக்க முடியாது.

குழலுக்கு இழப்பு குறைவு. ஸெரனேட் டி மேஜரில் இருப்பது தற்செயல் அல்ல. அந்தக் காலத்து மரக் குழல்களில் ஓட்டைகளை எல்லாம் மூடினால் வருவது டி. அந்த ஸ்கேல்தான் விரலுக்கு இயல்பாக வரும். இன்று மகள் கையில் இருக்கும் உலோகக் குழல், தியோபால்ட் போம் என்ற ஜெர்மானியர் 1847-இல் அமைத்த முறையில் வந்தது. அதில் எந்த ஸ்கேலும் பெரிய சிரமமில்லை. ஆனாலும் இந்த உருப்படியில் விரல்கள் தானாக ஓடுகின்றன என்கிறாள். பியானோவோடு குழல் சேர்வது பீத்தோவனுக்கும் அந்நியமல்ல. எடின்பரோவில் இருந்த ஜார்ஜ் தாம்ஸன் கேட்டதற்காக, நாட்டுப்பாடல் மெட்டுகளை வைத்து, பியானோவுக்கு, விரும்பினால் குழலையும் சேர்த்துக்கொள்ளும்படி, ஓபஸ் 105, 107 என்று பதினாறு உருப்படிகள் பிற்காலத்தில் அவரே எழுதினார்.

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. ரஷ்யாவின் புரோகோஃபியெவ் 1943-இல் குழலுக்கும் பியானோவுக்குமாக ஒரு சொனாட்டா முடித்தார். வயலின் மேதை ஆய்ஸ்ட்ராக் கேட்டு, சொந்தக்காரரே அதை வயலினுக்கு மாற்றிக் கொடுத்தார். இன்று வயலின்காரர்கள் அதைத் தங்கள் சொத்தாகவே நினைக்கிறார்கள். குழல்காரர்கள்தான் இது எங்களுடையது என்று ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது!

ஒலிப்பதிவு வராத நூற்றாண்டில், சிறிய ஊரில் இருந்தவர் ஒரு சிம்ஃபொனியை எப்படித் தெரிந்துகொண்டார்? பெரும்பாலும் பியானோ வழியாகத்தான். ஒரே பியானோவில் இருவர் உட்கார்ந்து நான்கு கைகளால் வாசிக்கும்படி மாற்றி அச்சடித்து விற்றார்கள். அக்காளும் தங்கையும் அதை வாசிக்க, வீடே கேட்டது. வாத்தியக் குழுவை ஆயுளில் ஒரு தடவைகூடக் காணாதவர்களுக்கு அதுதான் பீத்தோவன். ஊரை விட்டு வெளியே இருக்கும் நமக்கு இது புரியாததா? கொல்லைக் கறிவேப்பிலைக்குப் பதில் தொட்டிக் கறிவேப்பிலை. தொட்டியில் வளர்ந்ததென்று ரசத்தில் போடாமல் இருக்கிறோமா?

ஆனால் தொட்டிச் செடியைக் கொல்லைச் செடி என்று சொல்லி விற்கக் கூடாது. என் கட்சி அவ்வளவுதான். மாற்றியமைத்தவர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டால், "டூப்ளிகேட்" என்ற வார்த்தைக்கே இடமில்லாமல் போகிறது. சொல்லாமல் விடும்போதுதான் தெரிந்தவர் வந்து படிக்கட்டில் பிடித்துக்கொள்கிறார். வாசித்த குழந்தை ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது.

நம்மிடம் இந்தப் பழக்கம் சங்கீதத்தோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மராத்தி நாடகத்தைத் தமிழில் போடுகிறோம். மூல ஆசிரியர் பெயர் வரும், தமிழாக்கியவர் பெயர் வராது. சில சமயம் நேர்மாறாக, தமிழாக்கியவரே ஆசிரியராகிவிடுவார். இந்த மலரிலேயே வந்த ஹிந்திச் சிறுகதை மொழிபெயர்ப்புகளை எடுத்துப் பாருங்கள். இரவு அலுவலகம் விட்டு வந்து, அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து தமிழாக்கிக் கொடுத்த நம் உறுப்பினர் பெயர், பாதிக் கதைகளில் இல்லை. ஆசிரியர் குழு கோபித்துக்கொள்ளக் கூடாது. இடப் பற்றாக்குறை எனக்கும் தெரியும். விளம்பரத்துக்குக் கிடைக்கிற இடம் அவர்களுக்கும் கிடைக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

மேனாட்டு சங்கீதம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பதில் இல்லை. வயலினை எதிர்பார்த்து உட்காரும் எந்தக் கச்சேரியிலும் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

மகள் என்னோடு பேச ஆரம்பிக்க நான்கு நாள் ஆயிற்று. அந்த 1803 கடிதத்தின் சாரத்தைத் தமிழில் எழுதி, அவள் குழல் பெட்டிக்குள் வைத்தேன். படித்தாளா என்று கேட்கவில்லை. ஆனால் அவள் இசைப் புத்தகத்தின் அட்டையில் பீத்தோவன் பெயருக்குக் கீழே பென்ஸிலால் இன்னொரு பெயர் எழுதியிருப்பதை ஒரு மாதம் கழித்துப் பார்த்தேன். எழுத்துப் பிழையோடு.

இந்த ஆண்டு விழாவில் இருவரும் அந்த ஆண்டாந்தேயை மட்டும் வாசிக்கப் போகிறார்கள். மழை விட்டதும் பியானோவுக்கு ஸ்ருதி சேர்க்க ஆள் வரச் சொல்லியிருக்கிறோம். நிரலுக்கான வரியை இப்போதே எழுதி விழாக் குழுவிடம் கொடுத்துவிட்டேன்: "ஸெரனேட், ஆண்டாந்தே. இயற்றியவர் பீத்தோவன். குழலுக்கும் பியானோவுக்கும் மாற்றியவர் க்ளைன்ஹைன்ஸ் என்று கருதப்படுகிறது. பீத்தோவன் பார்வையிட்டுத் திருத்தியது." வரி நீளம் என்று நண்பர் மறுபடியும் சொல்வார். சென்ற ஆண்டு என் மகள் பெயருக்குப் பின்னால் "இன்னாரின் புதல்வி" என்று என் பெயரைப் போட்டிருந்தார்கள். அதை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும்.